மெரித்தாவின் தாடி

நைல் நதிக்கரையில் மெரித்தா என்று ஓர் அரசி இருந்தாள். அரசி என்று நாம்தான் சொல்கிறோம். அவள் காலத்தில் அப்படிக் கூப்பிட்டவன் பாடு திண்டாட்டம்தான். புருஷன் கண்ணை மூடியதும், பட்டத்துக்கு ஆளில்லாமல் நாடு தவித்தபோது, அவளே போய் அரியணையில் உட்கார்ந்தாள். அந்த ஊரில் ராஜா என்றால் தாடி வேண்டும். நிஜத் தாடி இல்லை. மழுமழுவென்று இருக்கும் மோவாயில் நாடா போட்டுக் கட்டிக்கொள்ளும் பின்னல் தாடி. இவ்வளவுதானே என்று அவளும் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் மன்னர்தான்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஆண்டாள். கால்வாய் வெட்டினாள், களஞ்சியத்தை நிரப்பினாள், எல்லையில் வாலாட்டியவர்களை அடக்கி வைத்தாள். போரில் புருஷனைப் பறிகொடுத்த பெண்களுக்கு நிலம் கொடுத்தாள். பிரபுக்களுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது அவளுக்கு வயதாகிவிட்டது. அடிக்கடி நெஞ்சு வலி வந்தது. வைத்தியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சவப்பெட்டி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினாள். அங்கே அது அபசகுனம் இல்லை. உயிரோடு இருக்கும்போதே பார்த்துப் பார்த்துச் செய்துகொள்வார்கள். பெட்டியின் மேல் மரத்தில் முகம் செதுக்குவார்கள். செத்தவருடைய ஆவி பறவையாகச் சுற்றித் திரிந்துவிட்டு, அந்த முகத்தை அடையாளம் பார்த்துத்தான் உடம்புக்குத் திரும்பும் என்று நம்பினார்கள்.

முகம் தயாரானது. அவள் முகமேதான், உரித்து வைத்தது மாதிரி. தச்சர் தாடியை ஒட்டுவதற்குப் பிசின் காய்ச்ச ஆரம்பித்தார்.

"நிறுத்து," என்றாள் அரசி.

காரணம் சொல்லவில்லை. தன் தாடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கோயில் குளத்துக்குப் போனாள்.

அங்கே நக்தி உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பூசாரி. அவள் மன்னரான பிறகும் அவளைப் 'பெண்ணே' என்று கூப்பிடும் ஒரே ஆள். கால் இரண்டையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டாள். அவர் பாதிப் பழத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"என்ன பெண்ணே, முகம் வாடியிருக்கிறது? நெஞ்சு வலியா?"

"அது கிடக்கட்டும் ஐயா. தாடி விஷயம்."

"இத்தனை வருஷம் கழித்தா உறுத்துகிறது?"

"விளையாடாதீர்கள்."

அவர் விளையாட்டை நிறுத்திக்கொண்டார்.

"இபு போகும்போது நான் தாடி கட்டியிருக்கவில்லை," என்றாள்.

இபு அவளுடைய ஒரே மகள். நாலு வயதில் காய்ச்சலில் போனவள். மெரித்தா அரியணை ஏறுவதற்கு முன்பே நடந்த துக்கம் அது. அதற்கப்புறம் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லி நக்தி கேட்டதில்லை.

"செத்து மேற்கு உலகத்துக்குப் போனால் இபுவைப் பார்க்கலாம். அந்த ஒரு ஆசையில்தான் எனக்குச் சாவு பயமே இல்லாமல் இருந்தது. ஆனால் இந்தத் தாடியோடு போய் நின்றால்? அவளுக்கு அம்மாவைத்தான் தெரியும். யாரோ ஒரு கிழட்டு ராஜா என்று பயந்து ஓடிவிட்டால் நான் என்ன செய்வேன்?"

"அப்படியானால் தாடி வேண்டாம் என்று சொல்லிவிடு."

"எப்படிச் சொல்வது? தாடியில்லாமல் என்னைப் புதைத்தால், பொம்பளை ஒருத்தி பொய்யாக உட்கார்ந்திருந்தாள், அவள் போட்ட கட்டளை எதுவும் செல்லாது என்பார்கள். மறுநாளே அந்தப் பெண்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள். நான் எப்போது சாவேன் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள் ஐயா."

"தாடி வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று, இரண்டு முகம் செய்துகொள்ளேன்."

"கேட்டுப் பார்த்தேன். ஒரு உடம்புக்கு இரண்டு முகம் இருந்தால் ஆவி குழம்பிப் போய்த் திரும்பவே திரும்பாதாம். உங்கள் பூசாரிகள்தான் சொல்கிறார்கள்."

"சொல்வோம், சொல்வோம்," என்றார் நக்தி.

"ஊரா, மகளா? எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்."

அந்தத் தாடியைக் கண்டால் படைத்தலைவர்களே பேச்சடங்கிப் போவார்கள். அதை மடியில் போட்டுக்கொண்டு அவள் சின்னப் பெண் மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள். இபுவைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் முழுக்கச் சுற்றியவர் நக்தி.

"வெள்ளத் திருவிழாவில் இபு தொலைந்துபோனாளே, அதைச் சொல்," என்றார்.

"உங்களுக்குத் தெரியாததா? நீங்களும்தானே தேடினீர்கள்."

"கிழவன் கேட்கிறேன். சொல்லேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"படகுத்துறையில் கையை உதறிவிட்டு ஓடினாள். கூட்டமென்றால் கூட்டம், அப்படி ஒரு கூட்டம். எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். எல்லாம் ஒரே மொட்டைத் தலை, காதோரம் ஒரே ஒற்றைச் சடை. எனக்கு உயிரே போய்விட்டது. கடைசியில் பார்த்தால், மீனவர்கள் நடுவில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருக்கிறாள். உடம்பெல்லாம் சேறு. முதுகு மட்டும்தான் தெரிந்தது."

"முதுகை வைத்தா கண்டுபிடித்தாய்?"

"என் பிள்ளை முதுகு எனக்குத் தெரியாதா?"

"உன்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாளாக்கும்."

அரசிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"எங்கே? அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பட்டத்து ராணியின் கழுகுக் கிரீடம் வைத்திருந்தார்கள். தலை முழுக்க இறக்கை, நெற்றியில் அலகு, கண்ணைச் சுற்றி ஒரு விரற்கடை மை. என்னைப் பார்த்ததும் வீல் என்று கத்திக்கொண்டு ஒரு மீன்காரி மடியில் போய் ஒளிந்துகொண்டாள். அம்மா வேணும், அம்மா வேணும் என்று என்னைப் பார்த்தே அழுகிறாள்."

"நீ கிரீடத்தைக் கழற்றினாயா?"

"அதற்கெல்லாம் யாருக்கு ஐயா பொறுமை? அப்படியே வாரித் தூக்கிக்கொண்டேன்."

"அவள்?"

"திமிறினாள். வயிற்றிலேயே உதைத்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்."

நக்தி கையைக் குளத்தில் கழுவினார். அவள் மடியில் கிடந்த தாடியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மாதுளை முத்துகளைத் தட்டிவிட்டார். அதை அவள் மோவாயில் பொருத்தி, நாடாவைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வலிக்காமல் கட்டினார்.

"தாடியைப் பார்த்தும் அழுவாள், பெண்ணே," என்றார். "கொஞ்ச நேரம்."