கொற்றனுக்கு ஈடாக வந்தவன்

தாழை மணக்கும் கடற்கரை நாடு ஒன்றை வெகுகாலத்துக்கு முன்னே வில்லவன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் நினைத்தது மாலையில் அவனுக்கு நிற்காது. ஆனால் செண்டாட்டம் என்றால் உயிர். வளைகோலால் பந்தை அடித்து எதிரணியின் கம்பங்களுக்கு நடுவே செலுத்துகிற ஆட்டம் அது.

நாட்டின் பெரிய ஆட்டக்காரன் கொற்றன். அவனுக்கு வயதேறுவதைக் கண்ட அமைச்சர் செங்கோதை, அவனைக் குன்றநாட்டுக்குக் கொடுத்து, ஈடாக எயினன் என்ற இளைஞனை வாங்கச் சொன்னாள்; அரசனும் இசைந்தான். வருமுன் ஊரே எயினனைப் புலிக்குட்டி என்றது. முதல் ஆட்டத்தில் ஒரு பந்தைத் தவறவிட்டான், பூனைக்குட்டி ஆகிவிட்டான்.

கொற்றன் குன்றநாட்டில் பந்து பந்தாக அடித்ததாக வணிகர் கொண்டுவந்த சேதியோ சத்திரத்துக்குச் சத்திரம் வளர்ந்தது. அவன் அடித்ததை இங்கே யாரும் பார்க்கவில்லை. எயினன் தவறவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

அமைச்சர் பதவிமேல் கண்வைத்திருந்த பூதனார் சபையில் எழுந்தார். "மன்னா, மாம்பழத்தைக் கொடுத்து மாங்கொட்டையை வாங்கியிருக்கிறோம்!"

"கொட்டையை ஊன்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும், பூதனாரே. நீங்கள் தினமும் தோண்டியல்லவா பார்க்கிறீர்கள்?" என்றாள் செங்கோதை.

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. "நாளைக்குள் அவன் மதிப்பைக் காட்டு. இல்லாவிட்டால் அவன் லாயத்துக்குப் புல் அறுக்கட்டும்."

செங்கோதை வீடு திரும்பினாள். சிறுமியாக இருந்தபோது சமாதானத்துக்குப் பிணையாக இந்த நாட்டுக்கு வந்தவள் அவள். அவளுக்கு ஈடாகப் போன முத்துகளை நினைத்து அரண்மனைப் பெண்கள் பெருமூச்சு விட்டது இன்னும் அவள் காதில் இருந்தது.

மறுநாள் சபையில் சொன்னாள்: "மன்னா, குன்றநாட்டார் எயினனைத் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டு யானை தருவார்களாம்."

பூதனார் துள்ளி எழுந்தார். "இரண்டா! நம்மை ஏமாளி என்று நினைத்தார்களா? அந்தப் பையனின் மணிக்கட்டைப் பார்த்தீர்களா, மன்னா? நான்கு யானைக்குக் குறைந்து விடக்கூடாது!"

"நான்கு கொடுத்தாலும் விடமாட்டேன்!" என்றான் அரசன்.

"தூதர் யாரும் வரவில்லை, மன்னா. நான் சொன்னது பொய்."

செங்கோதை பூதனார் பக்கம் திரும்பினாள்.

"நேற்று அவன் கொட்டை, இன்று நான்கு யானை. இடையில் அவன் கோலைத் தொடவே இல்லை. தூங்கி எழுந்தான், அவ்வளவுதான்."

அரசன் பூதனாரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "அப்படியானால் அவன் உண்மையான மதிப்பு என்ன?" என்றான்.

"எனக்கும் தெரியாது, மன்னா. அவனுக்கே இன்னும் தெரியாது. மூன்று பருவம் ஆடட்டும்."

"அப்போதும் தேறாவிட்டால்?"

"தேறவில்லை என்று அப்போது சொல்வோம். இப்போது நாம் சொல்வதெல்லாம் கொற்றனை நினைத்து அழும் அழுகை."

அரசன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள், வாங்கவில்லை. "மூன்று பருவத்தைக் கொடுங்கள், போதும்."

"கொடுத்தேன். பூதனாரே, அதுவரை எயினன் அடிக்கும் பந்தையெல்லாம் நீர்தான் பொறுக்கிப் போட வேண்டும்!"

சில நாள் கழித்து, செங்கோதையின் பல்லக்கு செண்டுவெளி ஓரமாகப் போயிற்று. எயினன் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டிய பூதனார் மூச்சிரைக்க அதைத் துரத்திக்கொண்டே கத்தினார்:

"பரவாயில்லை தம்பி, நேற்றையதைவிட இது கிட்டத்தில்தான் போயிற்று! இன்னொன்று அடி!"