காணாமல் போன பூஜ்யம்

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அதற்குள் சிரித்துவிடாதீர்கள். சிரிப்புக்குக் காரணமானவர் இப்போதுதான் பால் பண்ணையின் கம்ப்யூட்டர் பிரிவுக்குள் கோபமாக நுழைகிறார். முதலில் அவர் வந்து உட்காரட்டும்.

நல்லசிவத்துக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் ஆய்வுக்கூடத்தில் நின்று பாலைச் சோதித்தவர். முட்டி வலி வந்ததும் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அங்கே அவருக்கு முதல் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுத்தவர் ரெஜினா. வயதில் பதினான்கு வருடம் இளையவர். அதற்கென்ன, நல்லசிவம் கூப்பிடுவதெல்லாம் "குருவே!" என்றுதான். நாடகத்து ராஜா போலக் குரலை இழுத்துக் கூப்பிடுவார்.

அன்றைக்கு ராஜாவைக் காணோம்.

"மேடம், என்ற பூஜ்யத்தைக் காணோமுங்!"

"எங்க வெச்சீங்க அண்ணா?"

"விளையாடாதீங்க. அறிக்கையில பச்சைக் கலர்ல இருந்துச்சே, அந்தப் பூஜ்யமுங்."

விஷயம் இதுதான். இருபத்திரண்டு ஊர்ப் பால் சங்கங்கள் தினமும் எவ்வளவு பால் அனுப்பின என்று பதிகிற செயலி நல்லசிவம் கட்டியது. அலுவலகச் செயலிகளைக் கட்டுவதற்கென்றே ஒரு பிளாட்ஃபார்ம் உண்டு, அதன் மேல் கட்டினார். ஆனி மாதம் ஆரம்பித்தபோது பதினேழு புகார் வந்தது. ராப்பகலாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தார். அந்தச் சந்தோஷத்தில், ஆடிக்காற்று நன்றாக வரட்டுமென்று, மேஜையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இந்தத் தை மாதம் வரை அறிக்கையில் எல்லா ஊருக்கும் ஒரே வரி. வந்த புகார்கள்: 0.

ஞாயிற்றுக்கிழமை பிளாட்ஃபார்ம் புதுப் பதிப்புக்கு மாறியது. திங்கள் காலையில் பார்த்தால் அந்த இடத்தில் வெறும் கட்டம்.

"நாலு மணிக்குப் பொது மேலாளர் வர்றாருங். பூஜ்யத்தைக் காட்டினா இன்னும் நூறு ஊருக்கு என்ற செயலிதான். நான்தான் பொறுப்பு. வெறுங்கட்டத்தைக் காட்டினா என்ன நினைப்பாருங்?"

"புதுப் பதிப்போட குறிப்பைப் படிச்சீங்களா?"

"படிக்காமயா?" நல்லசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்காட்சித் திடலில் மைக் பிடிப்பவன் குரல் வந்தது. "இதோ! இனி படிவங்கள் கைபேசியிலும் திறக்கும்! இதோ! வாயால் சொன்னால் தானே எழுதிக்கொள்ளும்! மொத்தம் முப்பத்தோரு புதிய வசதிகள்!"

"கடைசிப் பக்கம்?"

மைக் அணைந்தது. "அது பொடி எழுத்துங் மேடம்."

ரெஜினா பொடி எழுத்தைத் திறந்து, நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுகிறவர் போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். "மாறியவை. நிரப்பப்படாத கட்டம் இனிமேல் பூஜ்யமாகக் காட்டப்படாது. வெறுமையாகவே காட்டப்படும். முன்பு போலவே வேண்டுவோர் அமைப்புகளில் உள்ள 'பழைய பதிப்பின்படி' என்ற ஸ்விட்சைப் போட்டுக்கொள்ளலாம்."

"அட, ஸ்விட்ச் இருக்குதுங்களா! போட்டுடுங்க, போட்டுடுங்க."

"சோதிக்காத கேனுக்கு ஆய்வுக்கூடத்துல என்ன எழுதுவீங்க அண்ணா?"

"ஒண்ணும் எழுத மாட்டோமுங். அது எதுக்குங் இப்ப? ஸ்விட்சு மேடம், ஸ்விட்சு."

ரெஜினா தன் கைபேசியை எடுத்து எதையோ அழுத்திக் காதில் வைத்தார். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு கைபேசியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு செய்யுங்க. மூணரை வரைக்கும் புகார் ஃபோன் பக்கத்துல உட்காருங்க. ஒரு கால்கூட வரலைன்னா, என் கையாலயே ஸ்விட்சைப் போடுறேன்."

"இவ்வளவுதானுங்களா குருவே!" ராஜா திரும்பி வந்துவிட்டார்.

புகார் ஃபோன் என்பது நல்லசிவத்தின் மேஜை மேல் இருக்கும் சிவப்பு ஃபோன். இருபத்திரண்டு சங்கத்துக்கும் கொடுத்திருப்பது அந்த ஒரு நம்பர்தான். யார் கூப்பிட்டாலும் எடுத்துக் கேட்டு, கட்டத்தில் பதிய வேண்டியவர் நல்லசிவம். தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைப்பார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டை மட்டும் துடைக்காமல் சுற்றிப் போவார்.

பத்து மணி. ஃபோன் அடிக்கவில்லை.

பதினொன்று. அடிக்கவில்லை. நல்லசிவம் பொது மேலாளரின் கட்டைக் குரலில் தனக்குத்தானே பேசிப் பார்த்தார். "பலே நல்லசிவம்! நூறு ஊர் போதுமாய்யா?" பிறகு தன் குரலில் பவ்யமாக, "தாங்கள் பார்த்துச் செய்யுங்க சார்."

எதிர் மேஜையில் ரெஜினா மறுபடி கைபேசியைக் காதில் வைத்திருந்தார். முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்.

"யாருங் மேடம்?"

"ஒருத்தர். ரிங் போகுது. எடுக்க மாட்டேங்குறார்."

"சில பேரு அப்படித்தானுங். என்ன கஷ்டத்துல கூப்பிடுறாங்களோன்னு ஒரு நெனப்பு வேண்டாமுங்களா?"

"அதானே."

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வரும். மதியச் சாப்பாடு முடியட்டும்.

நல்லசிவம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை. டப்பாவை ஃபோனுக்குப் பக்கத்திலேயே பிரித்தார். தயிர்சாதத்தைப் பிசைந்தபடி ஒரு கண்ணை ஃபோன் மேலேயே வைத்திருந்தார்.

"பாத்தீங்களா மேடம்? ஊரே நிம்மதியா இருக்குதுங்."

ரெஜினா தலையாட்டினார். காதில் கைபேசி.

"இன்னுமா எடுக்கலீங்?"

"இன்னும் எடுக்கலை."

"யாருன்னு சொல்லுங்க, நான் பேசுறேன். நம்பரைக் குடுத்துட்டு எடுக்காம இருந்தா அது என்னங் பழக்கம்?"

"சாப்பிடுங்க அண்ணா. தயிர் புளிச்சிடும்."

மூன்று மணிக்கு நல்லசிவம் பிரமாண்டமான ஒரு பூஜ்யத்தைத் தாளில் வரைந்து, உள்ளே பச்சைப் பேனாவால் தீட்ட ஆரம்பித்தார். மூன்று இருபத்தைந்துக்குப் பேனா உருண்டு மேஜைக்குப் பின்னால் விழுந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னாச்சு அண்ணா?"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. அதில் சிவப்பு ஃபோனின் வயர். அதன் முனை எதிலும் செருகியிருக்கவில்லை. முனையிலிருந்த சின்ன பிளாஸ்டிக் செருகியில் ஆறு மாதத்துத் தூசு.

"மேடம், இதை நீங்களா புடுங்குனீங்க?"

"நான் காலையிலிருந்து இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லையே."

நல்லசிவம் மெல்லத் தலையைத் தூக்கினார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு அறையின் அந்தக் கோடியில், ஆனி மாதம் வரை அவர் மேஜை கிடந்த சுவரைப் பார்த்தார். அங்கே ஃபோன் வயர் செருகுகிற ஓட்டையில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"அப்ப..." என்றார். "காலையிலிருந்து எடுக்காத ஆளு..."

ரெஜினா தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். புகார் ஃபோன் நம்பர். பதினொரு தடவை.

முதலில் சிரித்தது நல்லசிவம்தான். வயிறு குலுங்க, மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தயிர்சாதத்தோடு தான் பேசிய பேச்சை நினைத்து இன்னொரு முறை சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண் அறிக்கையின் மேல் விழுந்தது. இருபத்திரண்டு ஊர்ப் பெயர்கள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே வெறும் கட்டம்.

சிரிப்பு பாதியில் நின்றது.

வெளியே கேட்டைத் திறக்கும் சத்தம். பொது மேலாளரின் ஜீப், அரை மணி நேரம் முன்னதாகவே.

"மணி மூணரை ஆச்சு அண்ணா," என்றார் ரெஜினா. "ஒரு கால்கூட வரலை. சொன்னா சொன்னதுதான். ஸ்விட்சைப் போடட்டுங்களா?"

நல்லசிவம் வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் மேஜையைப் பழைய சுவர்ப்பக்கம் தள்ள ஆரம்பித்தார்.