மாமனார் அறையில் ஒரு மீன்தொட்டி

மருமகள் அல்லி ஆசையாக வளர்த்த தங்கமீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மாமனார் குஞ்சிதபாதம் அதட்டினார். "தண்ணியில நைட்ரேட்டுங்கிற நஞ்சு ஏறிப்போச்சு. மட்டமான வடிகட்டிக் கல்! எந்தக் கல் அதைக் குறைக்கும்னு காட்டு. இல்லேன்னா தொட்டி இந்த வீட்டுல இருக்காது!"

அல்லி இரண்டு சிறு தொட்டிகளில் தொட்டிக்கு ஒரு மீனாக விட்டாள். "வெளிநாட்டுக் கல் உங்க அறைக்கு மாமா. உள்ளூர்க் கல் சமையலறைக்கு."

ஒரு வாரம் கழித்துத் தண்ணீரைச் சோதித்தார்கள். சமையலறையில் நைட்ரேட் இறங்கியிருந்தது. மாமனார் அறையில் எகிறியிருந்தது.

"வெளிநாட்டுக்காரன் ஏமாத்திட்டான்!"

"ரெண்டும் ஒரே பையில எடுத்த கல்தான் மாமா. மிஞ்சின தீனி அழுகினாத்தான் நைட்ரேட் ஏறும். நான் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். நீங்க?"

மாமனார் தன் அறையிலிருந்த தீனி டப்பாவைத் திறந்தார். காலி.

"வாயைத் திறந்து திறந்து கேட்டுதேம்மா..." அவர் டப்பாவை அல்லியிடம் நீட்டினார். "இந்த மீனோட உயிரைக் காப்பாத்திக் கொடுத்தே. நல்லாயிரு தாயி."

"நாளையிலேருந்து அந்த ஒரு சிட்டிகையை நீங்களே போடுங்க மாமா" என்றாள் அல்லி.