பண்டிதரின் மருந்துப் பெட்டி

முன்னொரு காலத்தில் மஞ்சக்குடி நாட்டை மருதவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் தன் கோட்டைக் காவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் இலையில் சோறு ஆறிவிடும்.

வேட்டைக்குப் போன இடத்தில் அவர் தொடையில் ஓர் உண்ணி கடித்தது. கடித்ததே தெரியவில்லை. சில நாளில் அந்த இடம் வளையமாகச் சிவந்தது, காய்ச்சல் வந்தது, முழங்காலை மடக்க முடியவில்லை.

"வெறும் சூடு. சந்தனம் பூசினால் போச்சு" என்றார் அரண்மனை வைத்தியர் ஏகாம்பரப் பண்டிதர்.

மாட்டு வைத்தியம் பார்க்கும் சடைச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "உண்ணி எச்சிலோட ஒரு கிருமி உள்ள போயிருக்கு சாமி. கசாயம் குடிக்கணும்."

"என் ரத்தத்தில் காவல் இல்லையா?" ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"காவல் இருந்தும் நுழையும் சாமி."

"மாடு பார்க்கிறவளுக்கு மகாராஜா ரத்தம் தெரியுமோ?" என்று பண்டிதர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

"காவல் இருந்தும் நுழையுமா? நாளை உச்சிப் பொழுதுக்குள் என் கோட்டையின் மூன்று வாசலையும் தாண்டி என்முன் வந்து நில். வந்தால் கசாயம் குடிக்கிறேன். பிடிபட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு நாட்டை விட்டே போ!" என்றார் ராஜா.

மறுநாள் காவல் இரட்டிப்பானது. உச்சிப் பொழுது நெருங்கும்போது பல்லக்கில் சபைக்கு வந்து ராஜா முன் இறங்கிய பண்டிதர், "அவள் இந்நேரம் எல்லையைத் தாண்டியிருப்பாள்!" என்று சிரித்தபடி மருந்துப் பெட்டிக்குக் கை நீட்டினார்.

"கசாயம் உள்ள இருக்கு சாமி" என்றது பெட்டியைச் சுமந்துவந்த உருவம். தலைத்துணியை விலக்கினால், சடைச்சி!

"எப்படி வந்தாய்?" என்றார் ராஜா.

"பெட்டி தூக்குறவர் மாட்டை நான்தான் பிழைக்க வச்சேன். இன்னைக்கு ஒருநாள் பெட்டியைக் குடுத்தாரு. பண்டிதர் தூக்குறவங்க முகத்தைப் பார்க்கமாட்டாரு. முதல் வாசல்ல உங்க ஆளே இந்தப் பச்சைக் கச்சையைக் கட்டிவிட்டாரு."

அரண்மனை ஆட்களை உள்வாசல் காவலர் தவறி வெட்டிவிடக் கூடாதென்று ராஜாவே ஏற்படுத்திய வழக்கம் அது.

"கிருமியும் அப்படித்தான் சாமி. உண்ணி எச்சில் வாசல் காவலை அசர வைக்கும். உள்ள போனதும் உங்க ரத்தத்துல இருக்கிற உங்க அடையாளத்தையே எடுத்துப் போர்த்திக்கும். காவல் நம்ம ஆளுதானேன்னு விட்டுடும்."

ராஜா முழங்கால் வலிக்க வலிக்கச் சிரித்தார். "காவல் என் ஆட்கள், கிருமி நீ. அப்படியானால் உண்ணி யார்?"

சபை மொத்தமும் பண்டிதரைத் திரும்பிப் பார்த்தது.

ராஜா முகத்தைச் சுளித்துக் கசாயத்தைக் குடித்தார். அரண்மனைத் தொழுவம் சடைச்சி பொறுப்புக்கு வந்தது. ஒரு மாதம் அங்கே உண்ணி பிடுங்கும்படி பண்டிதருக்கு உத்தரவு. முதல் நாளே மாட்டின் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கமாகப் போய் உதை வாங்கினார். அதன்பிறகு மாடானாலும் மனிதரானாலும் முகம் பார்த்துத்தான் பேசினார்.

மாதக் கடைசியில் ராஜா சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நாமும் இலை போடுவோம்.