மார்க்கர் வெள்ளைக்கண்ணு கோடு போட்ட ஆட்டம்

தென்கரைப் பல்கலைக்கழக மைதானத்து வேப்பமரத்தடியில் ஒரு கறுப்புக் கல் மல்லாந்து கிடந்தது. பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஐம்பது வயது ஆகிவிட்டதாம், அதற்கான கல்வெட்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பல்கலைக்கழக அணியை மூன்றுக்குச் சைபர் என்று வென்றவர்கள் என மேலே பொறித்திருந்தது. அதன்கீழ் அணியை உண்டாக்கிய உடற்கல்வி இயக்குநர் தேவநேசன் பெயர், பெரிய எழுத்தில். அடுத்து ஆட்டக்காரர்கள் பதினொரு பேர். எல்லோரையும் பொறித்து முடித்த பிறகும் அடியில் ஒரே ஒரு வரிக்கு இடம் மிச்சமிருந்தது.

அந்த ஒரு வரிக்காகத்தான் வெள்ளைக்கண்ணு இஸ்திரி போட்ட சட்டையும் முகச்சவரமுமாகக் காலையிலேயே வந்து நின்றார். அந்த மைதானத்தில் முப்பத்தாறு வருஷம் மார்க்கராக இருந்தவர். சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அவர் வேலை. ஆனால் வென்ற அன்று எடுத்த போட்டோவில் அவருடைய முழங்கை மட்டும்தான் இருக்கிறது. “கொஞ்சம் தள்ளி நில்லுய்யா” என்று சொன்னவர் தேவநேசன். அன்று சாயங்காலம் பாராட்டுக் கூட்டத்தில், “கோடு எவன் வேணா போடலாம்” என்று மைக்கில் சொன்னவரும் அவரே. முழங்கையை மன்னித்தாலும் மன்னிப்பார் வெள்ளைக்கண்ணு. மைக்கை மன்னிக்க மாட்டார்.

உதவிப் பதிவாளர் அமலோற்பவம் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டை விரித்தார்.

“சொல்லுங்கண்ணே. அணிக்கு நீங்க என்ன செஞ்சீங்க? தகுதியான ஆளுன்னா பேரைப் போட்டுக்கச் சொல்லி துணைவேந்தர் என்கிட்ட விட்டுட்டாரு.”

“வெரசா சொல்லச் சொல்லுங்க மேடம்” என்றார் கல்தச்சர் நாகலிங்கம், உளியைத் துடைத்தபடி. “பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா எனக்கு மூணு மணிக்குத்தான்.”

“அவன் பொய்யை நிறுத்துறதுக்குள்ள மூணு மணி பஸ்ஸும் போயிரும்” என்றார் உக்கிரபாண்டி. ஓய்வுபெற்ற வாட்ச்மேன். அவரை யாரும் கூப்பிடவில்லை; வெள்ளைக்கண்ணு பேசப் போகிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

வெள்ளைக்கண்ணு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“மேடம், அமெரிக்காவுலேர்ந்து முதல்ல வந்தது ரெண்டே ரெண்டு பந்து. பெட்டியைப் பிரிச்சா எலுமிச்சங்காய் கணக்கா ரெண்டு பக்கமும் கூம்பி நிக்குது. தேவநேசன் சார் பாத்துட்டு என்ன சொன்னாரு? ‘கப்பல்ல நசுங்கிருச்சுய்யா, காத்தடி, உருண்டையாயிரும்’னாரு. படிச்சவரு சொல்றாரேன்னு நானும் அடிச்சேன். ஒரு நாள் முழுக்க அடிச்சேன். உருண்டையாகலை. மறுநாளும் அடிச்சேன். மூணாம் நாள் மத்தியானம், பம்போட சேத்து பந்து என்னையத் தூக்கிருச்சு. ஆஸ்டல் மொட்டை மாடிக்கு மேல தொங்குறேன். கீழ தேவநேசன் சார் நின்னுக்கிட்டு, ‘உருண்டையாச்சாய்யா’ங்கிறாரு!”

“இறங்குனது எப்பிடி?” என்றார் அமலோற்பவம், எழுதிக்கொண்டே.

“பல்லால பந்தோட வால்வைக் கடிச்சுக் கொஞ்சங் கொஞ்சமா காத்தை விட்டேன். அப்பத்தான் எனக்குப் பட்டுச்சு, இந்தப் பந்து இப்பிடித்தான் இருக்கணும்போலன்னு. அதைச் சொன்னது நானு. கல்லுல யாரு பேரு? அவரு பேரு.”

“சரி, ரெண்டு பந்தை வச்சுக்கிட்டு எத்தனை வருசம் ஆடுனீக?” என்று கிளறினார் உக்கிரபாண்டி.

“ரெண்டு பந்துன்னு யாரு சொன்னா? சுடலைமுத்துன்னு ஒரு பய உதைப்பான். கல்லுல அஞ்சாவது பேரு. ஒரு நாள் உதைச்சான் பாருங்க, போன பந்து கீழ வரவேயில்லை. தேடாத இடமில்லை. கடைசியில தண்ணித்தொட்டி உச்சியில ஏறிப் பாத்தேன். பருந்து ஒண்ணு அது மேல உக்காந்து அடைகாக்குது. முட்டைன்னு நினைச்சிருச்சு! நான் கலைக்கலை. தாய் மனசு பாருங்க. இருவத்தோரு நாள் கழிச்சுப் போறேன், பெரிய பந்தைச் சுத்தி சின்னச் சின்னதா பத்துப் பந்து கெடக்கு. நான்தான் எண்ணெய் தடவி, வெயில்ல வச்சு வளத்தேன். நாலே மாசத்துல எல்லாம் ஆட்டத்துக்கு வந்துருச்சு.”

நாகலிங்கத்தின் உளி கையிலேயே நின்றது. “அதுக்குத் தீனி?”

“காத்துத்தான். வேறென்ன கேக்கப் போகுது?”

உக்கிரபாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அமலோற்பவம் சிரிக்கவில்லை. “பந்து வளர்த்தது” என்று எழுதி, அடியில் கோடு போட்டார். அதைப் பார்த்ததும் வெள்ளைக்கண்ணுவுக்கு நெஞ்சு ஒரு சுற்று அகன்றது. முப்பத்தாறு வருஷத்தில் அவர் சொன்னதை எவரும் எழுதிக்கொண்டது கிடையாது.

“தலைக்கவசம் வரலை மேடம். அதுக்கும் நான்தான். ஆஸ்டல் சமையல்கட்டுல ரசக் குண்டா பதினொண்ணு வாங்கி, கண்ணுக்கு நேரா வெட்டி மாட்டி விட்டேன். தோளுக்குத் தேங்காய்நார்த் தலையணை. முதல் நாள் ஆடிப் பழகுறப்ப ரெண்டு பேரு தலையோட தலை முட்டுனானுக. அந்தச் சத்தத்தை மணின்னு நினைச்சு, டவுன் பூராவும் பள்ளிக்கூடத்தை விட்டுட்டாங்க. அன்னிலேர்ந்து பிள்ளைகளுக்கு எங்க டீம்னா உசிரு. தினம் வந்து ‘முட்டுங்கண்ணே, முட்டுங்கண்ணே’ம்பாங்க.”

“அந்த வருசம் ஆஸ்டல்ல ரசமே இல்லைங்கிறது மட்டும் நெசம் மேடம்” என்றார் உக்கிரபாண்டி. “ஆனா அதுக்குக் காரணம் சமையக்காரன் சம்சாரத்தோட சண்டை.”

“பாண்டி, நீ கேட்டைப் பாத்தவன். நான் ஆட்டத்தைப் பாத்தவன். பேசாம இரு.”

அமலோற்பவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அண்ணே, இதெல்லாம் சரி. கல்லுல மேல பொறிச்சிருக்கிறது ஜெயிச்ச ஆட்டத்தை. அந்த ஆட்டத்துல உங்க பங்கு என்ன? அதைச் சொன்னாத்தான் பேரு.”

வெள்ளைக்கண்ணு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார்.

“அமெரிக்காக்காரனுக வந்து இறங்குனானுக. ஒவ்வொருத்தனும் ஒரு வைக்கோல்போரு. பதினொரு பேரும் மேற்கால நின்னா மைதானம் மேற்கால சாயுது. நான் போட்ட கோடெல்லாம் சரசரன்னு சரிஞ்சு அவனுக காலுக்குள்ள போகுது. நான் விடுவேனா? ரெண்டு ரோட்ரோலரைக் கொண்டாந்து கிழக்கால நிறுத்தினேன். தராசுத் தட்டு கணக்கா சமமாச்சு. அப்புறந்தான் விசிலு. சுடலைமுத்து உதைச்சான், ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல போச்சு, மூணு புள்ளி. மூணுக்குச் சைபர்.”

“அதான் தெரியுமே” என்றார் நாகலிங்கம். “வெட்டுனவனே நான்தானே.”

“அதோட முடிஞ்சுதா? கடைசி நிமிசத்துலதானய்யா சங்கதியே இருக்கு! அவனுகள்ல ஒருத்தன், பேரு ராபர்ட்டோ ரூபர்ட்டோ ஏதோ ஒண்ணு, பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடியாந்தான். நம்ம பயலுக பதினொரு பேரும் அவன் மேல தொத்திப் பாத்தானுக. ஈரத்துண்டை உதறுற மாதிரி உதறிட்டான். பந்தோட கடைசிக் கோட்டைத் தொட்டுட்டா அவனுக்கு ஆறு புள்ளி. நமக்குத் தோல்வி. தேவநேசன் சார் என்ன செஞ்சாரு தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டாரு. நான் ஓட்டைபோட்ட சுண்ணாம்பு டின்னை எடுத்தேன். அவனுக்கு முன்னாடி ஓடிப்போய் பழைய கடைசிக் கோட்டைக் காலால அழிச்சுட்டு, பத்து கஜம் தள்ளிப் புதுக் கோடு போட்டேன்.”

அமலோற்பவம் நிமிர்ந்தார். “அவர் ஓடிக்கிட்டிருக்கும்போதேயா?”

“ஓடிக்கிட்டிருக்கும்போதே! அவன் பாத்தான், கோடு இன்னும் தள்ளி இருக்கு. ஓடுனான். நான் அதையும் அழிச்சு அடுத்ததைப் போட்டேன். கேட்டைத் தாண்டினோம். பாண்டி அன்னிக்கு டூட்டி, தூங்கிட்டிருந்தான்.”

“யோவ்!”

“பஸ் ஸ்டாண்டுக்குள்ள பூந்தோம். கண்டக்டரு ‘ராமநாதபுரம் ஏறு, ராமநாதபுரம் ஏறு’ன்னாரு. நாங்க ஏறலை. பஸ்ஸு எங்களுக்குப் பின்னாடி வந்துச்சு. பரமக்குடியில ஒரு அம்மா வாசல்ல கோலம் போடுது. ‘ஆத்தா, கொஞ்சம் தள்ளிக்க’ன்னு அது மேலயே ஒரு கோடு இழுத்தேன். மண்டபம் வந்துச்சு. அப்ப பாம்பனுக்கு ரயில் பாலம் மட்டுந்தான். கட்டைக்குக் கட்டை கோடு போட்டேன். கப்பலு வருதுன்னு பாலத்தைத் தூக்கிட்டான். ஏறுற பாதியில மேல்நோக்கிக் கோடு, இறங்குற பாதியில சறுக்கிக்கிட்டே கோடு. கீழ கப்பல்ல இருந்தவங்க கை தட்டுறாங்க.”

“அவன் களைச்சுப் போகலையா?” நாகலிங்கம் பஸ்ஸை மறந்திருந்தார்.

“களைப்பாவது! அமெரிக்காக்காரன் கோட்டைக் கண்டா நிக்க மாட்டான். தங்கச்சிமடத்துக் கடக்கரையில என் டின்னுல சுண்ணாம்பு தீந்துபோச்சு. இதுக்கு மேல தேவையில்லைன்னு திரும்பி வந்துட்டேன். இங்க வந்து பாத்தா, ‘ஜெயிச்சோம்’னு தேவநேசன் சாருக்கு மாலை போட்டுக்கிட்டிருக்காங்க. அந்த அமெரிக்காக்காரன் இன்னும் அந்த மணல்ல கோட்டைத் தேடி ஓடிக்கிட்டுத்தான் இருக்கான். கோடு எவன் வேணா போடலாமாம்ல? போடச் சொல்லுங்க பாப்போம், தங்கச்சிமடம் வரைக்கும்!”

சொல்லி முடித்து இடுப்பில் கை வைத்து நின்றார். நாகலிங்கம் கல்லின் கடைசி வரியில் விரலால் இடத்தை அளந்து பார்த்தார். வெள்ளைக்கண்ணு, ஏழு எழுத்து, தாராளமாகப் பிடிக்கும்.

அமலோற்பவம் பேனாவை மூடினார்.

“அண்ணே, எனக்குச் சொந்த ஊரு தங்கச்சிமடம்.”

வெள்ளைக்கண்ணுவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

“நீங்க சொன்னது அம்புட்டும் உண்மை. எங்கப்பா நேருல பாத்தவரு. அன்னிக்குக் கரையில வலை காயப்போட்டுக்கிட்டிருந்தாரு. நீங்க டின்னைத் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போனீங்க. அதுக்கு அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது.”

“என்ன... என்ன நடந்துச்சு?”

“கோட்டைக் காணோமேன்னு அந்த ஆளு திகைச்சு நின்னாரு. அப்ப ஒரு அலை வந்து, கரை நெடுக வெள்ளையா நுரை ஒதுக்கிட்டுப் போச்சு. நீங்க போட்ட கோடுன்னு நினைச்சு, பந்தோட அதுல போய் விழுந்தாரு. எங்கப்பா அரண்டுபோய் ரெண்டு கையையும் நேரா மேல தூக்கிட்டாரு. நடுவர் கையைத் தூக்குனா ஆறு புள்ளிதானே அண்ணே?”

“நடுவரு தூக்குனா... ஆமா. ஆனா உங்கப்பா நடுவரு இல்லையே?”

“தங்கச்சிமடம் கரையில வேற நடுவர் யாரு இருந்தா?”

உக்கிரபாண்டி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

“ஆக, ஆறுக்கு மூணு. நாம தோத்துட்டோம்” என்றார் அமலோற்பவம். குரலில் துளி சிரிப்பில்லை. “ஓடுனவரை இங்கயே ஜெயிக்க விட்டிருந்தாலும் அதே ஆறு புள்ளிதான். அவரைக் கடல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் நம்மளைத் தோக்க வச்சது நீங்க. இந்த அணியோட வரலாத்துல இவ்வளவு பெரிய வேலையை வேற யாரும் பாக்கலை. அதனால பேரைப் போட்டே ஆகணும். நாகலிங்கண்ணே, எழுதிக்குங்க. ‘தோல்விக்குக் காரணம்: மார்க்கர் வெள்ளைக்கண்ணு.’ ஒரு வரியில அடங்குமா?”

“நெருக்கி வெட்டுனா அடங்கும் மேடம்.”

“என்னண்ணே, சம்மதமா? வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. இடத்தை வெறுமனே விட்டுர்றேன்.”

வெள்ளைக்கண்ணு கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து, மேலே பெரிதாக இருந்த தேவநேசன் பெயரைச் சாண் வைத்து அளந்தார். அடியில் காலியாயிருந்த வரியையும் அளந்தார். பிறகு அமலோற்பவத்தின் பக்கம் நெருங்கி, உக்கிரபாண்டிக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக் கேட்டார்:

“எழுத்து, அவரு எழுத்தைவிடப் பெருசா இருக்குமா மேடம்?”