மாதங்கியின் இரண்டு காதுகள்

வேங்கைக்காட்டுக் குளம் கோடையில் வற்றிவிட்டது. தலைவி யானை மாதங்கி கூட்டத்தைக் கிளப்பினாள். காட்டைத் தாண்டி, மரமே இல்லாத பொட்டலையும் தாண்டினால்தான் ஏரி. கூட்டத்தில் பத்து நாள் குட்டி ஒன்று இருந்தது. தண்ணீரில்லாமல் அதன் தாய்க்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. வழி தவறினால் குட்டி பிழைக்காது.

வழி சொல்ல அணில்கள் இருந்தன. முன்னால் இருப்பதைப் பார்த்து ஓர் அணில் கத்தும். அடுத்த மரத்து அணில் அதை அப்படியே திருப்பிக் கத்தும். சேதி நொடியில் வந்துவிடும்.

அப்போது ஒரு பருந்து கிளையில் வந்து உட்கார்ந்தது. "பொட்டலில் எந்த அணில் கத்தப்போகிறது? நான் வழி சொல்கிறேன், மாதங்கியம்மா."

"இலைக்கு அடியில் இருக்கும் பள்ளம் உனக்குத் தெரியுமா?" என்று சீறியது அணில் வரியன். "ஒரு பயணத்துக்கு ஒரே தூதர்தான். அதுதான் இந்தக் கூட்டத்து வழக்கம்."

வழக்கம்தான். அதைக் கட்டிக்கொண்டு அழுததால்தான் போன கோடையில் பொட்டலில் மூன்று நாள் சுற்றி, மாதங்கி தன் தங்கையைப் பறிகொடுத்தாள்.

"எனக்கு இரண்டு காது இருக்கிறது," என்றாள் அவள். "மரத்தடியில் வரியன் சொல்லட்டும். வெட்டவெளியில் பருந்து சொல்லட்டும். ஆனால் அடுத்தவர் குரல் என் காதில் விழும்வரை யாரும் வாயை மூடக்கூடாது."

இரண்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தன.

காட்டுக்குள் இரண்டு பள்ளங்களை அணில்கள் காட்டிக்கொடுத்தன. காட்டோரத்தில் புழுதிக்காற்று கிளம்பியது. பருந்தின் குரல் கேட்கவில்லை. மரத்துக்கு மரம் தாவிக் கூடவே வந்திருந்த வரியன், வேறு நாளாயிருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருக்கும். இன்றோ கடைசி மரத்தின் உச்சிக்கிளையைப் பற்றிக்கொண்டு, "நேரே போங்கள், இன்னும் நேரே!" என்று தொண்டை கிழியக் கத்தியது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே கூட்டம் நடந்தது. கொஞ்ச தூரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "வலப்பக்கம் திரும்புங்கள். ஏரி தெரிகிறது!"

ஏரிக்கு முன்னால் ஓர் அடர்ந்த தோப்பு. "இதற்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை," என்று பருந்து கூசாமல் ஒப்புக்கொண்டது. ஆனாலும் போய்விடவில்லை. தோப்பு அணில்களைக் கூவி அழைத்து, அவை வழி சொல்லத் தொடங்கும்வரை வட்டமடித்தது.

தாய் யானை வயிறு முட்டக் குடித்தது. குட்டி ஓடிப்போய் மடியில் முட்டியது. பால் சுரந்தது. மாதங்கி துதிக்கையை உயர்த்திப் பிளிறிய பிளிறல் பொட்டலைத் தாண்டி வரியனின் மரம்வரை கேட்டது.

தரையும் வானமும் போட்டி போடாமல், ஒன்று விடும் இடத்தில் மற்றொன்று பிடித்துக்கொண்டால், போகிறவருக்கு வழி ஒருபோதும் அறுந்துபோகாது.