பத்துப் பெயர்ப் படிவம்

பிரான்சில் போன் கொம்பனிகள் போட்டி போட்டு விலையைக் குறைத்த காலம். பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எதிர்க்கடைக்காரன், ஒரே விலைக்கு யாரோடும் அளவில்லாமல் பேசும் சிம்மை விற்கத் தொடங்கினான். இந்தப் பக்கம் சிம் கடை வைத்திருந்த குணபாலசிங்கம் முதலாளி விடவில்லை. தனக்குச் சிம் தரும் கொம்பனியிடமிருந்து புதுத் திட்டம் கொண்டுவந்தார். நெருக்கமான பத்துப் பேரின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தால், அவர்களோடு ஆயுளுக்கும் இலவசமாகப் பேசலாம்.

படிவக் கட்டை விற்பனையாள் தவராசாவின் முன் போட்டார்.

"வெள்ளிக்குள்ள நூறு நிரம்பவேணும். இல்லாட்டித் திங்கள் வேலைக்கு வராத."

வெள்ளி வந்தது. ஒன்றுகூட நிரம்பவில்லை.

"இலவசத்தையே விக்கத் தெரியாத ஆளப்பா நீ!"

"சனம் ஆசையாத்தான் எழுதத் தொடங்குது முதலாளி. நாலாவது பெட்டியில பேனையை வைச்சிட்டு எழும்பிப் போகுது."

"பத்துப் பேர் இல்லாத மனிசனும் இருப்பானோ? விசர்க்கதை கதையாத."

"அப்ப நீங்களே ஒண்டு நிரப்புங்கோ. சனம் பாக்கக் கடைக் கண்ணாடியில ஒட்டிவிடுவம்."

கடையிலிருந்தவர்கள் பார்க்க முதலாளி பேனையைத் திறந்தார். மனைவி. கனடாவில் மகள். லண்டனில் தம்பி. தம்பியோடு பேசி ஆறு வருடம் என்பதால் அந்தப் பெயரை வெட்டினார். அதற்குமேல் பேனை நகரவில்லை. தவராசா வேறு பக்கம் பார்த்தான். அவன் தனக்கென்று எடுத்த படிவத்தில் ஒரு பெயரும் ஏறியிருக்கவில்லை.

கடைசியில் முதலாளி மெதுவாகக் கேட்டார். "உன்ர நம்பர் என்னடாப்பா?"

"தரலாம் முதலாளி. ஆனா அது எதிர்க்கடைச் சிம்."

"துரோகி! ஏன் அங்க போய் வாங்கினனி?"

"ஆரோட கதைப்பாய் எண்டு அங்க ஒருத்தரும் கேக்கேல்ல."

கடையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. படிவக் கட்டை மேசைக்கடியில் தள்ளினார்.

"திங்கள் வேலைக்கு வா. இப்ப நம்பரைச் சொல்லு."